வெள்ளி கரியாகும் ஊர்

ஓட்டை போடாத சுவர் ஒன்றாவது சான் ஒனோஃப்ரேயில் மிச்சமிருந்தால் அதைக் காசு கொடுத்துப் போய்ப் பார்க்கலாம் என்பாள் தொமித்திலா. ஒரு காலத்தில் வெள்ளி எடுத்த ஊர். சுரங்கத்தில் தண்ணீர் ஏறி, முதலாளிகள் மூட்டை கட்டி, கடைசிக் கோவேறு கழுதையும் மலையிறங்கி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. ஆளில்லாத ஊர் தன்பாட்டுக்கு நின்றிருக்கும். விட்டார்களா? அடிவாரத்து லாஸ் பிலாஸிலிருந்து ஒவ்வொரு தலைமுறையும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஏறியது. பணக்காரர்கள் ஓடும்போது வெள்ளியைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டுத்தான் போயிருப்பார்கள் என்று சுவர் சுவராகக் குடைந்தது. ஓடுகிறவன் வெள்ளியை விட்டுவிட்டா ஓடுவான்? இந்தக் கேள்வி லாஸ் பிலாஸில் யாருக்கும் தோன்றியதில்லை. தோன்றுகிற அளவுக்குத் தலைக்குள் ஏதாவது இருந்திருந்தால் அவர்கள் ஏன் லாஸ் பிலாஸில் கிடக்கப் போகிறார்கள் என்பது தொமித்திலாவின் கட்சி. அவளும் அங்கேதான் இருந்தாள். அது வேறு விஷயம்.

மே மாதம் மூன்றாம் தேதி, சிலுவைத் திருநாளன்று காலையில், ஒரு பழைய ட்ரக்கில் ஆறு பேர் அந்த மலைக்கு ஏறினார்கள். ஓட்டியவர் பல்தொமேரோ, ஊரில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர். பக்கத்து இருக்கையில் அவர் மனைவி எர்லிந்தா. பின்னால் வெயிலில் அவருடைய தம்பி காஸ்துலோ, இளைய மகன் எலாதியோ, தொமித்திலா, அவள் புருஷன் நபோர். தொமித்திலாவின் மகள் யதீராவை எலாதியோவுக்குக் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. பேச்சு இன்னும் பாதிதான் முடிந்திருந்தது. மீதிப் பாதி அன்றைக்கு மலைமேல் முடிவாக வேண்டும்.

விஷயம் இதுதான். புதையல் எடுக்கப் போகிறவர்களில் ஒருத்தர் மனசில் பொறாமை இருந்தாலும் மண்ணுக்குள் இருக்கிற வெள்ளி கரியாக மாறிவிடும். லாஸ் பிலாஸில் இதை நம்பாத ஆள் கிடையாது. பாதிரியாரே பாதி நம்புவார். தொமித்திலா சிறுமியாக இருந்தபோது அவளுடைய அப்பா, ஊரிலிருந்த ஒரு அண்ணன் தம்பியோடு சேர்ந்து தோண்டப் போனார். பானை வந்தது. பானைக்குள் கரி இருந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே ரத்தம், அவர்களுக்குள் பொறாமை வராது, ஆகவே குற்றவாளி மூன்றாவது ஆள்தான் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அண்ணன் தம்பிக்குள் பொறாமை வராதாம். அந்த இரண்டு பேரும் பிற்பாடு ஒரு வேலிக்காக வெட்டிக்கொண்டது தனிக் கதை.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்குக் கரிக்காரர்கள் என்று பெயர். யார் வீட்டு மாடு செத்தாலும் கரிக்காரர்கள் பார்த்திருப்பார்கள். குழந்தை பால் குடிக்கவில்லையென்றால் கரிக்காரி அந்தப் பக்கம் போயிருப்பாள். கைக்குழந்தையோடு எதிரில் வருகிற பெண்கள் தொமித்திலாவைக் கண்டால் துணியை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடுவார்கள். அவள் நெடுஞ்சாலை ஓரத்தில் கோழி சுட்டு விற்பவள். அந்தக் கோழியை மட்டும் ஊரே வாங்கித் தின்றது. சுட்ட கோழியைக் கண்ணேறு ஒன்றும் செய்யாது போலிருக்கிறது.

பெண் கேட்க வந்த அன்று பல்தொமேரோ ரொட்டியும் சாக்லேட்டும் நிறைந்த பெரிய கூடையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வைத்தவர் கையை எடுக்கவில்லை. கூடையின் காதைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தியம்மா. உங்க பொண்ணைக் குறை சொல்ல முடியாது. ஆனா ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுறாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து போய்த் தோண்டிடுவோம். யார் மனசு எப்படின்னு பூமியே சொல்லிடும்."

"கரி வந்துட்டா?"

"வராதுங்க. அப்படி வந்துட்டா..." என்றவர் கூடையை லேசாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்தக் கூடையை அவர் தலையில் கவிழ்க்கத்தான் தொமித்திலாவுக்குக் கை துறுதுறுத்தது. நபோரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மடியில் கிடந்த தன் தொப்பிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். வாயைத் திறக்க வேண்டிய சமயம் வந்தால் நபோருக்குத் தொப்பிக்குள் எதையாவது பார்க்க வேண்டியிருக்கும். கல்யாணமான நாளாய் அப்படித்தான்.

நகரத்தில் வயர் பின்னுகிற தொழிற்சாலையில் வேலை பார்க்கும் யதீராவிடம், பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே இருந்துவிடு, இந்த முட்டாள்களின் தயவு எதற்கு என்று தொமித்திலா போனில் சொல்லிப் பார்த்தாள். மகள் கேட்கவில்லை. எலாதியோவுக்குத் தன் அம்மா கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். அவனுக்கு வேண்டியது அவளுக்கும் வேண்டுமாம்.

"ஒரே ஒரு நாள் வாயைக் கட்டிக்கோம்மா. உன் வாயாலதான் பாதிப் பேரு நம்மளைக் கரிக்காரங்கன்னு நம்புறாங்க."

"மீதிப் பாதி?"

"உன் பார்வையால."

எலாதியோவைப் பற்றித் தொமித்திலாவுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. உப்புப் போடாத அவித்த முட்டை என்பாள். கடையில் அப்பா ஏவுகிற மூட்டையைத் தூக்கி அப்பா காட்டுகிற இடத்தில் வைப்பான். 'சரிப்பா' என்பதைத் தவிர அவன் பேசி அவள் கேட்டதில்லை. என்கிட்ட நல்லாப் பேசுவான் என்று மகள் சொன்னபோது, கழுதைகூடத் தனியாக இருந்தால் கத்தும் என்று பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். ஆனாலும் மகள் கேட்டது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காக வாயைக் கட்டிக்கொண்டு ட்ரக்கில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளி உருக்கிய உலையின் கசடைக் கொட்டிய மேட்டுக்குப் பக்கத்தில் பாதை முடிந்தது. அங்கே இறங்கி, பல்தொமேரோ முன்னால் நடக்க, மற்றவர்கள் பின்னால் போனார்கள். அவர் நடை அந்த ஊரைக் கட்டியதே தன் தாத்தாதான் என்கிற மாதிரி இருந்தது. தாத்தாவின் அப்பா அங்கே வேலை செய்தது உண்மை. வெள்ளியும் பாதரசமும் கலந்த சேற்றைக் கழுதைகள் மிதிக்க, அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு வட்டம் சுற்றியவர் அவர். அந்தச் சேறு காய்ந்த பெரிய முற்றத்தில் இப்போது முள்ளும் கள்ளியும் மண்டிக் கிடந்தன. பல்தொமேரோ அதன் நடுவில் நின்று மூச்சை இழுத்து விட்டார். வெள்ளி வாசனை வருகிறது பாருங்கள் என்றார். எர்லிந்தாவும் இழுத்துப் பார்த்து ஆமாம் என்றாள். தொமித்திலாவுக்கு ஆட்டுப் புழுக்கை வாசனைதான் வந்தது. சொல்லவில்லை.

மாதா கோயிலுக்குக் கூரை இல்லை. பீடத்துக்குக் கீழே ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு குழி, குழியைச் சுற்றி பியர் டின்கள். சாமி காலடியையே தோண்டியவர்களுக்கும் மனசு சுத்தமாகத்தான் இருந்திருக்க வேண்டும். எர்லிந்தா அந்தக் குழிக்கு முன்னால் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு எட்டிப் பார்த்து, இவர்கள் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போயிருக்கலாம் என்றாள்.

அதற்கப்பால் கம்பெனிக் கடை, அதில் கல்லாப் பலகை இருந்த இடத்தில் ஒரு கள்ளிச்செடி. சிறைச்சாலை. சுரங்க மேலாளரின் பெரிய வீடு. அந்த வீட்டிலிருந்த பீங்கான் குளியல் தொட்டியில் இப்போது பல்தொமேரோவின் மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன. முதலாளிகள் ஊரை எப்படிச் சுரண்டினார்கள் என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சுரங்க வாயைச் சுற்றி முள்கம்பி இருந்தது. காஸ்துலோ அதற்கு மேலாக ஒரு கல்லை எறிந்துவிட்டுக் காதை வைத்துக் காத்திருந்தான். சத்தம் வரவில்லை. இன்னொன்றை எறிந்தான். அதற்கும் வரவில்லை. தன்னை யாரோ ஏமாற்றிவிட்டது போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தான்.

எங்கே தோண்டுவது என்று முடிவு செய்தது காஸ்துலோதான். சிலுவைத் திருநாளுக்கு முந்தின இரவு, வெள்ளி புதைந்த இடத்தில் நீலச் சுடர் எரியும் என்பது ஊர் வழக்கு. கற்றாழைச் சாராயத்தில் நன்றாக ஊறிப்போய்த் தன் வீட்டுக் கூரைமேல் படுத்திருந்த காஸ்துலோவின் கண்ணுக்கு அது தெரிந்தது. அந்த நிலைமையில் இன்னும் என்னென்ன தெரிந்ததோ. உலைக்குப் பின்புறம், சுவர் ஓரம் என்று இடம்கூடக் குறித்து வைத்திருந்தான்.

தோண்டுவதற்கு முன் சத்தியம் செய்ய வேண்டும். எல்லோரும் வட்டமாக நின்றார்கள். எர்லிந்தா கோக் பாட்டிலில் கொண்டுவந்திருந்த தீர்த்தத்தை ஒவ்வொருத்தர் மேலும் தெளித்தாள். தொமித்திலாவின் மேல் கூடுதலாகவே விழுந்தது. பிறகு ஒவ்வொருத்தரும் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சிலுவையாக வைத்து, எனக்கு யார்மேலும் பொறாமை இல்லை என்று சொல்லி அந்த விரலை முத்தமிட்டார்கள். லாஸ் பிலாஸ்காரன் குடித்துவிட்டு வேறு என்ன பொய் வேண்டுமானாலும் சொல்வான். விரலை முத்தமிட்டுப் பொய் சொல்லமாட்டான். சொன்னால் அந்த வாய் நரகத்தில் வேகும் என்று தாய்ப்பாலோடு குடித்தவர்கள்.

தொமித்திலாவும் முத்தமிட்டாள். அவளுக்கு நரகத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் சத்தியம் என்னவோ உண்மைதான். அங்கே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். யார்மேல் பொறாமைப்படுவது? எதையும் தானாக யோசிக்கத் தெரியாத எர்லிந்தாமேலா? வயதுக்கு மீறின தொப்பையும் வயதுக்கு எட்டாத மூளையும் உள்ள பல்தொமேரோமேலா? பொறாமைப்பட வேண்டுமென்றால் தலையை உயர்த்திப் பார்க்க வேண்டும். அவள் பார்த்த பக்கமெல்லாம் ஆட்கள் கீழேதான் இருந்தார்கள்.

காஸ்துலோ காட்டிய இடத்துக்கு வந்ததும் அவள் சுற்றிலும் பார்த்தாள். உலையை ஒட்டி ஒரு தாழ்ந்த கட்டடம். வண்டியைப் பின்னுக்குத் தள்ளி மூட்டையைக் கொட்டுகிற மாதிரி அகலமான வாசல். உள்ளே தரை கறுப்பு. கண்ணிருக்கிற எவனும் சொல்லிவிடுவான், அது உலைக்குக் கரி கொட்டி வைத்த கிடங்கு. வெள்ளியை உருக்க நெருப்பு வேண்டும், நெருப்புக்குக் கரி வேண்டும். அந்த மலையில் ஒரு கருவேலம் கூட மிச்சமில்லாமல் வெட்டி எரித்ததே அதற்குத்தான். வெள்ளி உருக்கின ஊரில் தோண்டினால் கரி வராமல் கற்கண்டா வரும்? இத்தனை வருஷமாகக் கரி வருகிறது கரி வருகிறது என்று ஒருத்தன் முகத்தில் இன்னொருத்தன் பூசிக்கொண்டு திரிகிறார்களே தவிர, ஏன் வருகிறது என்று ஒரு பயல் யோசித்ததில்லை.

அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. இங்கே கரிதான் இருக்கும் என்று அவள் சொல்லி, பிறகு கரி வந்தால், கரிநாக்கு என்று அங்கேயே முடித்துவிடுவார்கள். மகளின் கல்யாணம் அந்தக் கறுப்புத் தரைக்குக் கீழே கிடந்தது.

காஸ்துலோ கடப்பாரையை ஓங்கிவிட்டான். தொமித்திலா வாழ்க்கையில் முதல்முறையாக அவர்கள் பாஷையில் பேசினாள்.

"நில்லுங்க. நேத்து கனவுல சான் ஒனோஃப்ரே வந்தாரு."

அந்த ஊருக்குப் பெயர் கொடுத்த புனிதர் என்றதும் கடப்பாரை பாதியில் நின்றது. எர்லிந்தா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"தாடியோடவா?" என்று கேட்டார் பல்தொமேரோ.

"காலு வரைக்கும் தாடி. பெரிய வீட்டுப் பின்னாடி, தோட்டத்துல நின்னுக்கிட்டு, இங்கன்னு காலால தட்டினாரு."

"எந்தக் காலு?"

"வலது காலு."

வலது கால் என்றதும் யாருக்கும் சந்தேகம் மிச்சமில்லை. நம்பிய வேகத்தைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. காஸ்துலோகூட, யோசித்துப் பார்த்தால் சுடர் கொஞ்சம் அந்தப் பக்கமாகத்தான் சாய்ந்து எரிந்தது என்றான். உலையிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் அவர்களை அழைத்துக்கொண்டு போனாள். மேலாளரின் மனைவி ரோஜா வளர்த்த தோட்டமாம் அது. வெறும் மண். ஒன்றும் கிடைக்காது. ஒன்றும் கிடைக்காவிட்டால் குற்றமும் கிடையாது, சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம், கூடையும் கை மாறும். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தம் போடும் என்று சிகாகோவிலிருந்து மூத்த மகன் அனுப்பிய டிடெக்டரைப் பல்தொமேரோ தரைமேல் ஆட்டினார். அது ஊளையிட்டது. தோண்டினார்கள், மத்தி மீன் டப்பா வந்தது. மறுபடி ஊளையிட்டது. கழுதை லாடம் வந்தது. பல்தொமேரோ லாடத்தைத் துடைத்து, வெள்ளியாகவும் இருக்கலாம் என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு காஸ்துலோவும் நபோரும் எலாதியோவும் மாறி மாறிக் குழியை ஆழப்படுத்தினார்கள். வெயில் ஏறியது. எர்லிந்தா பீன்ஸ் வைத்த சோள ரொட்டிகளை எடுத்துக் கொடுத்தாள். தொமித்திலாவுக்குக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தாள்.

எலாதியோ இடுப்பளவு குழிக்குள் நின்று வெட்டிக்கொண்டிருந்தபோது மண்வெட்டியின் சத்தம் மாறியது. அவன் குனிந்து, நிமிர்ந்தான். உள்ளங்கையில் கறுப்பாக ஒரு கட்டி. குழியின் பக்கச் சுவரிலும் கறுப்பு, பட்டையாக.

தொமித்திலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. செங்குத்தான மலையில் இவ்வளவு பெரிய தோட்டத்துக்குச் சமதரை எங்கிருந்து வரும்? உலைச் சாம்பலையும் கரித்தூளையும் கொட்டி நிரப்பித்தான் அந்த ஊரையே மட்டம் செய்திருக்கிறார்கள். கோயிலுக்குக் கீழே கரி, சிறைக்குக் கீழே கரி. எங்கே தோண்டினாலும் அதுதான். இவ்வளவு யோசித்த அவள் அதை யோசிக்கவில்லை.

எர்லிந்தா சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனாள். காஸ்துலோ, நான் சொன்ன இடத்தில் தோண்டியிருந்தால் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். பல்தொமேரோ தொப்பியைக் கழற்றினார். சாவு வீட்டில் கழற்றுகிற மாதிரி மெதுவாகக் கழற்றினார். அவர் உதட்டில் அந்த வார்த்தை வந்து நின்றது தெரிந்தது. எல்லோருடைய கண்ணும் அவள் மேல்தான்.

அவளுக்குள் பேச்சு திரண்டு நின்றது. சாம்பல், உலை, மட்டம் செய்த தரை, அவர்களுடைய பாட்டன் முப்பாட்டன், அவர்கள் மண்டைக்குள் இருக்கிற களிமண், எல்லாம் வரிசையாக நின்றது. சொன்னால் அதோடு கல்யாணம் முடிந்தது. சொல்லாவிட்டாலும் முடிந்தது. ஒரே ஒரு ஆள், அவள் பக்கத்து ஆள், 'என் பெண்டாட்டியைச் சொல்லாதே' என்று ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும் என்று நபோரைப் பார்த்தாள். அவனும் தொப்பியைக் கழற்றியிருந்தான். அதற்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "அவங்க இல்ல. நான்தான்."

"என்னடா நீ?"

"எனக்குத்தான் பொறாமை. அண்ணன் மேல." எலாதியோ மூச்சு வாங்கிக்கொண்டே பேசினான். "அவனுக்கு நிலத்தை வித்து சிகாகோ அனுப்பினீங்க. எனக்குத் தீவன மூட்டை. அவன் டிடெக்டர் அனுப்பினா ஊரையே கூட்டிக் காட்டுறீங்க. இங்க வெள்ளி கிடைச்சாலும் அவனுக்குத்தான் அனுப்புவீங்கன்னு நினைச்சுக்கிட்டேதான் வெட்டினேன். நான்தான் கெடுத்தேன்."

"காலையில சத்தியம் பண்ணினியேடா."

"பொய்ச் சத்தியம். இப்ப பண்றதுதான் நிஜம்."

கரி படிந்த விரல்களைச் சிலுவையாக வைத்து முத்தமிட்டான். உதடும் மூக்கின் நுனியும் கறுப்பாயின. முகத்தில் கரியைப் பூசிக்கொள்வது என்று சொல்வார்களே, அதை ஒருத்தன் தன் கையாலேயே செய்துகொள்வதைத் தொமித்திலா அன்றுதான் பார்த்தாள். முத்தமிட்ட பிறகு அவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவளைப் பார்த்தான். வாயைத் திறக்காதீர்கள் என்றது அந்தப் பார்வை. பொய் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கூத்து. பல்தொமேரோ ஒரு கல்லில் உட்கார்ந்து, என் வீட்டிலா, என் வீட்டிலா என்று புலம்பினார். மகன் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்று எர்லிந்தா அழ ஆரம்பித்து, தன் அக்காவின் வீட்டு மொசைக் தரையைப் பார்த்து எத்தனையோ இரவு தூங்காமல் இருந்ததாகச் சொன்னாள். காஸ்துலோவுக்கு அழுகை தொற்றிக்கொண்டது. தீவனக் கடை நியாயமாகத் தனக்கு வந்திருக்க வேண்டியது என்று சொல்லி, அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். காலையில் விரலை முத்தமிட்ட வாய்கள். தொமித்திலா கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். இவர்களா தன்னை இத்தனை வருஷமாகக் கரிக்காரி என்றார்கள்?

கடைசியில் பல்தொமேரோ எழுந்து அவளிடம் வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க சம்பந்தியம்மா. அறுவடை முடிஞ்சதும் கல்யாணத்தை வெச்சுக்கலாம். ஒண்ணே ஒண்ணு. இங்க நடந்தது ஊருக்குள்ள தெரிய வேண்டாம். எங்களுக்கும் அந்தப் பேரு வந்துடும்."

எந்தப் பெயர் என்று அவள் கேட்டாள். அவர் சொல்லாமல் தரையைப் பார்த்தார். சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். பிறகு, பார்க்கலாம் என்றாள். கோழிக் கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை விட்டால் போதும், பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் போய்விடும். அந்த நினைப்பே கள் குடித்த மாதிரி இருந்தது.

இறங்கும்போது ட்ரக்கின் பின்புறம் எலாதியோ அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். முகத்தைக் கழுவவில்லை. காஸ்துலோ அழுத களைப்பில் தூங்கிவிட்டான். பல் இடிக்கிற பாதையில் எலாதியோ முன்னால் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"கவலைப்படாதீங்க அத்தை. யார்கிட்டயும் சொல்லமாட்டேன். யதீராகிட்டகூடச் சொல்லமாட்டேன். ஆனா இனிமே பொறாமைப்படாதீங்க. மனசுக்கு நல்லதில்ல."

தொமித்திலாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் காது சூடாகியது. இந்த முட்டையும் நம்பியிருக்கிறது. கரியாக்கினது அவள்தான் என்று மற்றவர்களைப் போலவே, மற்றவர்களைவிட உறுதியாக நம்பியிருக்கிறது. நம்பிக்கொண்டே அவளுக்காகப் பேசியிருக்கிறது. உலை, சாம்பல், மட்டம் செய்த தரை என்று அவன் மண்டையில் குட்டிக் குட்டி விளக்குவதற்காக வாயைத் திறந்தாள்.

அவன் நாக்கால் உதட்டுக் கரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மலைச் சரிவைப் பார்த்தபடி இருந்தான். முகம் வெளுத்திருந்தது. தொமித்திலா வாயை மூடிக்கொண்டாள். இவன் நரகத்தை நம்புகிறவன். சிலுவைத் திருநாளில், விரலை முத்தமிட்டுப் பொய்ச் சத்தியம் செய்தால் தன் வாய் என்றென்றைக்கும் வேகும் என்பதில் துளிச் சந்தேகம் இல்லாதவன். தெரிந்தேதான் செய்தான். குற்றமுள்ளவள் என்று தான் நினைக்கிற ஒருத்திக்காகச் செய்தான், அவள் பெற்ற மகளைக் கட்டிக்கொள்வதற்காக. அந்த மகளுக்கு ஒழுங்காக ஒரு பீன்ஸ்கூட வேக வைக்கத் தெரியாது.

பக்கத்தில் நபோர் தொப்பியைத் தட்டித் தூசி போக்கிக்கொண்டிருந்தான். அவள் கேட்க நினைக்கவே இல்லை, கேள்வி தானாக வந்தது.

"ஏய்யா, எனக்காக நீ ஒரு பொய் சொல்லியிருப்பியா?"

நபோர் தட்டுவதை நிறுத்தினான். நல்ல மனுஷன், எதைக் கேட்டாலும் நிதானமாக யோசித்துத்தான் பதில் சொல்வான். அடுத்த வளைவு வரை யோசித்தான்.

"எந்தப் பொய்யி?" என்றான்.

நகரத்தில் இந்நேரம் யதீரா வேலை முடிந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பாள். தனக்குக் கிடைத்திருப்பது என்னவென்றுகூட அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தெரியப்போவதும் இல்லை. தொமித்திலாவுக்கு நெஞ்சுக்குக் கீழே என்னவோ எரிந்தது. பசி என்று நினைத்தாள், இல்லை. கோபம் என்று நினைத்தாள், அதுவும் இல்லை. வாழ்நாளெல்லாம் ஊர் அவளுக்குச் சொன்ன அந்தப் பெயருக்குரியது இப்போதுதான் அவளுக்குள் வந்திருந்தது, அதுவும் பெற்ற மகள் மேல். இந்த நிமிஷம் யாராவது தோண்டினால், கீழே மலையளவு வெள்ளி கிடந்தாலும் கரியாகத்தான் வரும் என்று அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது.